ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானூறு

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் நாற்காலி உயிரை விட்டது. காலை பத்து மணி இருக்கும். புஸ்ஸென்று ஒரு சத்தம். நான் அப்படியே கீழே இறங்கிப் போனேன். பெட்டிகள் வரும் பெல்ட் என் மோவாய் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கை ஆள் வாய் ஓயாதவன், அதனால் எல்லோருக்கும் அவன் ரேடியோ. "யோவ், நாற்காலிக்கே ஓய்வு குடுத்துட்டியா?" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

மேற்பார்வையாளர் வேறொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தார். "நூத்தி இருபது கிலோ தாங்குமாம். போதுமில்ல?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் சுருக்கென்றது.

எங்கள் கிடங்குக்கு வருவதெல்லாம் ஜனங்கள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் பெட்டிகள். பெல்ட்டில் வரும். இழுத்து, வலது கை ஸ்கேனரால் ஒரு பீப், நல்லது இந்தத் தொட்டி, கெட்டது அந்தத் தொட்டி. பத்தரை மணி நேரம் இதே. எழுந்திருக்க வேண்டிய அவசியமே வராதபடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். எழுந்தால் எதிரே இருக்கும் திரையில் என் வேலைக் கணக்கு சிவப்பாகிவிடும்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டிருக்கிறார். அக்காவுக்கு நான் ஈரல் கொடுக்கலாமா என்று சொல்வார். கொடுக்கலாம் என்றுதான் சொல்வார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ரத்த வகை.

மார்ச் 6, வெள்ளி

முடியாதாம்.

ரத்தம் பொருந்துகிறது, வயது பொருந்துகிறது, எல்லாம் பொருந்துகிறது. ஈரலில் கொழுப்பு. நூற்றுக்கு முப்பது பங்கு கொழுப்பு என்று ஸ்கேன் படத்தைக் காட்டினார் டாக்டரம்மா. "இதுல பாதிய வெட்டி அவங்களுக்கு வச்சா, அவங்களுக்கும் வேலை செய்யாது, மிச்சத்த வச்சுக்கிட்டு நீங்களும் பிழைக்க மாட்டீங்க." பூசி மெழுகுகிற ஆள் இல்லை.

அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார். ஈரல் கொழுப்பு கரையக்கூடியதாம். பத்து வாரம். நூற்றிநாலு கிலோவிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்கு வர வேண்டும். தினமும் பத்தாயிரம் அடி நடை. என்ன தின்றேன், எத்தனை அடி நடந்தேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டு மே பதினைந்தாம் தேதி வர வேண்டும்.

அக்காவின் ஈரல் கெட்டதும் இதே கொழுப்பால்தான். இருபது வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வங்கியின் உதவி எண்ணில் பேசினாள். காலையில் உட்கார்ந்தால் இரவுக்குத்தான் எழுந்திருப்பாள். பசித்தால் மேஜை இழுப்பறையில் பிஸ்கட். "ஒரு சொட்டு குடிச்சதில்லடா, ஆனா குடிகாரன் ஈரலாம் எனக்கு. அனுபவிக்காமலே தண்டனை" என்று போன மாதம் கூடச் சிரித்தாள். கண் மஞ்சளாக இருந்தது.

வராந்தாவில் அத்தான் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் மூஞ்சியில் ஈயாடவில்லை. அவர் ரத்த வகை வேறு. பிறகு மெல்ல, "ஜூன் பதினொண்ணு வாலுவுக்குப் பதினெட்டு முடியுது" என்றார்.

வாலு அவர்கள் மகள். ஒரே மகள். பதினெட்டு ஆனால் ஈரல் கொடுக்க அவளே கையெழுத்துப் போடலாம். ஆனால் அக்காவுடைய ஒரே நிபந்தனை இது: "நான் செத்தாலும் சரி, என் பொண்ணு வயித்துல கத்தி படக்கூடாது."

நான் அத்தான் கையைப் பிடித்துச் சொன்னேன், "பத்து வாரம் குடுங்க அத்தான். நான் கொறச்சுக் காட்றேன்."

மார்ச் 8, ஞாயிறு

நடக்கக் கிளம்பினேன். எங்கே நடப்பது? இருப்பது பதினான்காம் மாடி. படியில் இறங்கலாம் என்று கதவைத் தள்ளினால் அலாரம் ஊளையிட்டது. தீப்பிடித்தால் மட்டும்தான் திறக்க வேண்டுமாம். காவலாளி ஓடிவந்து, "லிப்ட் நல்லாத்தானே இருக்கு சார்?" என்று கேட்டார். கீழே இருந்த புல்தரை போன வருடமே கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டது. வெளியே எட்டு வழிச் சாலை. ஓரமாக நடந்தால் லாரிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

கிடங்கிலாவது நடக்கலாம் என்றால், வாசலில் இறக்கிவிடும் கம்பெனி பேருந்தை விட்டு முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. லாரி ஏறிவிடும் என்று சட்டம். சாக்குச் சொல்கிறேனா? தெரியவில்லை. இதெல்லாம் உண்மையும்தான்.

மார்ச் 12, வியாழன்

கைப்பட்டை வாங்கினேன். மணிக்கட்டில் கட்டினால் எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணும். காலையில் வலது கையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் பார்த்தால் – எட்டாயிரத்துச் சொச்சம்! வேலை முடியும்போது பதினாறாயிரத்து இருநூறு. பட்டை கையிலேயே குலுங்கி, நட்சத்திரமாகக் கொட்டிப் பாராட்டியது.

ரேடியோவிடம் காட்டினேன். "பாத்தியா, கழிவறைக்கும் பேருந்துக்கும் நடக்கறதே இவ்ளோ ஆகுது. நாமதான் நம்மள மட்டமா நெனச்சுட்டோம்" என்றான். குடும்பக் குழுவில் படம் போட்டேன். அக்கா கைதட்டும் பொம்மை ஏழு அனுப்பினாள். வாலு, "மாமா மாஸ்" என்று எழுதினாள்.

பத்தாயிரம் போதும் என்றார்கள். நான் பதினாறு. ஆறாயிரம் உபரி. வரும் வழியில் அந்த ஆறாயிரத்துக்கு ஒரு வறுத்த கோழிப் பெட்டி வாங்கிச் சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அமிர்தம்.

மார்ச் 19, வியாழன்

16,840.

மார்ச் 27, வெள்ளி

இன்று என் வீட்டுக்காரி கேட்டாள். இவளுக்குக் கடையில் கல்லா வேலை, மதியம் போனால் இரவு பத்துக்கு வருவாள். நான் வரும்போது அவள் இருக்க மாட்டாள். அடுப்பு பற்றவைத்து எத்தனை நாள் ஆகிறது! ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பெட்டி. ஒரே பையன்தான் எங்கள் மாடிக்குச் சாப்பாடு கொண்டுவருகிறான். அவனுக்கு என் கதவெண் மனப்பாடம்.

"எங்கங்க நடக்கறீங்க இவ்ளோ? பேன்ட்டு வேற டைட்டாகுது?"

"கிடங்கு பெருசு" என்றேன்.

ஒரு மாதிரிப் பார்த்தாள். 

ஏப்ரல் 5, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

இன்று கடைக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்தேன். வியர்த்துக் கொட்டியது. பட்டை கட்டிய வலது கையில் பை, ஆடாமல் அசையாமல். பட்டையைப் பார்த்தேன்: ஏறவே இல்லை. கிளம்பியபோது இருந்த எண்ணே, ஒரு நாற்பது கூட. கெட்டுவிட்டதோ என்று சோபாவில் உட்கார்ந்து கையை ஆட்டினேன். பெட்டியை இழுப்பது, ஸ்கேனரால் சுடுவது, தொட்டியில் எறிவது – வேலையில் செய்கிற மாதிரி. ஒவ்வொரு ஆட்டுக்கும் எண் ஏறியது. ஒரு பெட்டிக்கு நாலு அடி.

நாலு வாரமாக நான் நடக்கவே இல்லை. என் வலது கைதான் நடந்திருக்கிறது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். நாளைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஆறு வாரத்தில் பன்னிரண்டு கிலோ முடியாதா?

ஏப்ரல் 6, திங்கள்

சொல்லவில்லை. அக்கா போன் செய்தாள். "வாலுகிட்ட சொல்லிட்டேன்டா, உன் மாமன் இருக்கும்போது உனக்கு என்ன கவலைன்னு. அவ தீயணைப்புப் படைத் தேர்வுக்கு ஏணி ஏறிப் பழகறா. குரங்கு மாதிரி ஏறுது!" என்று மூச்சு விடாமல் பேசினாள். "தடியா, இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் அவளுக்குத் தடியன்தான்.

"பதினேழாயிரம்கா" என்றேன். என் நாக்கு அழுகிப் போக.

ஏப்ரல் 14, செவ்வாய்

15,900. நோட்டில் எழுதினேன்.

ஏப்ரல் 23, வியாழன்

இடைவேளை இருபத்திரண்டு நிமிடம். ஓய்வறையில் நாற்காலிகள், சுவரோரம் மூன்று இயந்திரங்கள். ஒன்றில் சிப்ஸ், ஒன்றில் குளிர்பானம், ஒன்றில் சாக்லேட். தண்ணீர்க் குழாய் பழுது என்று மூன்று மாதமாகச் சீட்டு தொங்குகிறது. வீட்டிலிருந்து வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் கொண்டுபோனேன். ஐந்து நிமிடத்தில் தின்று முடித்து, மீதிப் பதினேழு நிமிடம் அந்தச் சாக்லேட் இயந்திரத்தின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசியா? பசி இல்லை. வேறென்ன இருக்கிறது அந்த நாளில் எனக்கென்று? பெட்டி, பெட்டி, பெட்டி. நடுவில் இனிப்பாக ஒன்று வாயில் கரைவது மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் நான் எதற்காக அடுத்த ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும்?

இரண்டு சாக்லேட். அப்புறம் இன்னொன்று.

என் அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள், நான் சாக்லேட் தின்கிறேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

மே 3, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். வயிறு நீர் கோத்து எட்டு மாசக் கர்ப்பிணி போல் இருக்கிறாள். கை கால் குச்சி. உப்பில்லாத கஞ்சி. நான் போனதும், "எனக்குத் தண்ணி, உனக்குக் கொழுப்பு. ரெண்டு தொந்தியும் போட்டோ எடுத்துக்கலாம் வாடா" என்றாள். இவள் சமையலறைக்குள் போய் அழுதாள்.

வாலு மாடிக் கைப்பிடியில் தொங்கிக் கையை மடக்கி மடக்கி ஏறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குதித்து வந்தாள். என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, முந்நூற்றுப் பத்து என்று இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி பட்டையைப் பார்த்தாள். "லீவு நாள்ல ரெஸ்ட் எடுக்கணும்தான் மாமா" என்றாள்.

அவளுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. இப்போது தோன்றுகிறது.

மே 15, வெள்ளி

எடை நூற்றியாறு. கொழுப்பு முப்பத்துநாலு.

டாக்டரம்மா திட்டவில்லை. நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினாறாயிரம், பதினேழாயிரம், பதினாறாயிரம். விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் நானூறு?"

நான் இடது கையால் பட்டையை மூடிக்கொண்டேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"எப்படிப் பண்ணுவீங்க, காட்டுங்க."

நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே காட்டினேன். காற்றில் பெட்டியை இழுத்தேன், சுட்டேன், எறிந்தேன். அவர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் ஏறியது. நூறு, நூற்றிநாலு, நூற்றியெட்டு. போதும் என்று அவர் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. பத்திருபது பெட்டி எறிந்திருப்பேன். அப்புறம் கை தானாகவே மடியில் விழுந்தது.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். "ஏப்ரல் அஞ்சு" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா வேற வழி பாத்திருப்பேன். ஆறு வாரம்ங்கறது சின்ன விஷயமில்ல. இப்ப அவங்களுக்கு அவ்ளோ நேரம் இல்ல."

நேரம் இல்ல. எனக்கு இருந்துச்சு. நான் உக்காந்து தின்னேன்.

மே 16, சனி

இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும்ங்க. கேட்டா நீங்க ஒடஞ்சுருவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். ஆக, வீட்டில் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பெட்டியில் தின்றுகொண்டிருந்தோம்.

மே 19, செவ்வாய்

தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள்.

மே 22, வெள்ளி

பெல்ட்டிலேயே சாய்ந்துவிட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான் தெரியும். என் தலையும் ஒரு பெட்டியோடு பெட்டியாகக் கொஞ்ச தூரம் போயிற்றாம். ரேடியோதான் பெல்ட்டை நிறுத்தி இழுத்திருக்கிறான். முதல் தடவையாக அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

மேற்பார்வையாளர் இயந்திரத்திலிருந்து இரண்டு குளிர்பானம் எடுத்து வந்து வாயில் ஊற்றினார். பாவம், உதவி செய்வதாக நினைத்துத்தான். குடித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்தேன். இரண்டு ஆள் சாப்பாடு. தின்னத் தின்ன அழுகை வந்தது, அழ அழத் தின்றேன்.

போதும். என்னால் ஆகாது. இதை எழுதிப் பார்த்தால்தான் நம்புவேன் போல: என்னால் ஆகாது.

ஜூன் 4, வியாழன்

அக்காவுக்கு நினைவு தடுமாறுகிறது. ரத்தத்தில் விஷம் ஏறுகிறதாம். என்னைப் பார்த்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, காத்திருக்கவும்" என்றாள். இருபது வருடம் சொன்ன வாக்கியம். இரண்டு தரம் சொன்னாள். ஒரு நிமிடம் தெளிந்து, "வாலுவத் தொடக்கூடாது" என்றாள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 11, வியாழன்

பிறந்த நாள். யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி திறந்ததும் வாலு தன்னந்தனியாகப் போய் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் ஓடிப்போய் – ஓடவில்லை, வண்டி பிடித்துப் போய் – வராந்தாவில் அவளை மறித்தேன். "வேணாம்டா கண்ணு. இன்னும் ரெண்டு மாசத்துல நான் கொறச்சுருவேன். உன் தேர்வு இருக்கு, ஏணி இருக்கு. உங்கம்மா என்னைய மன்னிக்க மாட்டா."

"அம்மாவுக்கு ரெண்டு மாசம் இல்ல மாமா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னாள்.

ஜூன் 20, சனி

வாலுவின் ஸ்கேன் வந்துவிட்டது. கொழுப்பு இல்லவே இல்லை. படத்தில் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 30, செவ்வாய்

உள்ளே போயிருக்கிறார்கள். அம்மாவும் மகளும், பக்கத்துப் பக்கத்து அறை. அக்காவுக்கு எதுவும் தெரியாது. சுயநினைவு இல்லாமல்தான் போனாள். வாலு தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, "மாமா, ஏணி எங்கயும் ஓடிப்போகாது, அடுத்த வருஷமும் அங்கதான் நிக்கும்" என்றாள்.

பதினொரு மணி நேரம். காத்திருப்போர் அறையிலும் அதே இயந்திரம். அதே விளக்கு.

ஜூலை 1, புதன்

இருவரும் பிழைத்தார்கள்.

ஜூலை 8, புதன்

இன்றுதான் அக்கா சரியாகக் கண் விழித்துப் பேசினாளாம். முதலில் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். உள்ளே போகும் எல்லோருக்கும் பச்சை அங்கி, தொப்பி, முகமூடி. எனக்கு அங்கியின் ஓரங்கள் முதுகில் சேரவில்லை. செவிலியர் இரண்டு அங்கியை ஒட்டிப் போட்டுவிட்டார். "அதிர்ச்சி தர்ற மாதிரி எதுவும் பேசாதீங்க. நாங்க அப்புறமா சொல்லிக்கறோம்" என்று அத்தான் வாசலிலேயே கெஞ்சினார்.

கண்ணில் மஞ்சள் இல்லை. எத்தனை நாளுக்குப் பிறகு வெள்ளையாகப் பார்த்தேன்! அவள் என் அங்கியைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தட்டுத் தடுமாறிக் கையை நீட்டி, என் வயிற்றின்மேல், அங்கிக்கு மேலேயே, பட்டும் படாமல் வைத்தாள்.

"ரொம்ப வலிக்குதாடா?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பொய் சொல்லாத, வலிக்கும்." அவள் கண்ணோரம் வழிந்து காதுக்குள் போயிற்று. "சொன்ன மாதிரி செஞ்சுட்ட தடியா. என் பொண்ணக் காப்பாத்திட்ட."

செவிலியர் நேரமாகிவிட்டது என்றார். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வந்தேன். எதிரே வாலு. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் அவளை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்து, ஒரு கையால் மருந்துப் பை தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு, கூன் போட்டபடி அடி அடியாக வந்துகொண்டிருந்தாள். நான் கிட்டே போய்த் தாங்க வேண்டும் என்று வேகமாக நடந்தேன். பத்தடி இருக்காது. நெஞ்சு அடைத்து, வாயால் மூச்சு வாங்கி, நின்றுவிட்டேன்.

அவள்தான் வந்தாள். மருந்துக் கம்பியை விட்டுவிட்டு, சுவரோரம் இருந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க மாமா. மூச்சு வாங்குது பாருங்க."

உட்கார்ந்தேன்.